தண்ணீருக்கடியில் ஒன்பது மணி நேரம்: பி-11 நீர்மூழ்கி போரில் செய்தது என்ன?

1914 டிசம்பர் 13 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் பி-11 என்ற சின்ன நீர்மூழ்கிக் கப்பல் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தது. ஐந்து வரிசைக் கண்ணிவெடிகளுக்கு அடியில் புகுந்து போய், மெசூதியே என்ற துருக்கிப் போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்துவிட்டு, வந்த வழியே திரும்பியும் வந்துவிட்டது. முதல் உலகப் போரைப் பற்றிய புத்தகங்களில் இந்தச் சம்பவத்துக்குப் பெரும்பாலும் ஒரு பத்திதான் கிடைக்கும். அந்தப் பத்தியிலும் அழுத்தம் எல்லாம் மூழ்கடித்ததன் மேல் இருக்கும். எனக்கென்னவோ அந்த அழுத்தம் இடம் மாறி விழுந்திருப்பதாகத்தான் படுகிறது. மூழ்கிய கப்பல் நாற்பது வயதுக் கிழடு. அது இருந்தாலும் போனாலும் போரின் போக்கு பெரிதாக மாறியிருக்காது. ஆனால் அந்த நீரிணைக்குள் ஒரு நீர்மூழ்கி போய்த் திரும்ப முடியும் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. மாலையில் இரண்டு தரப்புக்கும் தெரிந்துவிட்டது.

முதலில் பி-11 அங்கே போய்ச் சேர்ந்த காரணத்தைப் பார்த்துவிடலாம். 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டபோது துருக்கி, அதாவது ஒட்டோமான் பேரரசு, அதில் சேரவில்லை. ஆனால் பிரிட்டன் மேல் அதற்குக் கடும் கோபம். பிரிட்டிஷ் தளங்களில் துருக்கிக்காகக் கட்டப்பட்ட இரண்டு பெரிய போர்க்கப்பல்களை லண்டன் தன் கடற்படைக்கே எடுத்துக்கொண்டது. அவற்றுக்கான பணத்தில் ஒரு பகுதி ஊர் ஊராகப் பொதுமக்களிடம் வசூலித்தது. அதே சமயத்தில் மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்த, கோபன், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஆகஸ்ட் 10 அன்று டார்டனெல்ஸுக்குள் ஓடிப் புகுந்தன. துருக்கி அவற்றை விலைக்கு வாங்கிவிட்டதாக அறிவித்தது. கொடி மாறியது, பெயர் மாறியது, மாலுமிகள் மட்டும் அதே ஜெர்மானியர்கள், தலையில் துருக்கித் தொப்பியோடு.

அந்தக் கோபன் மறுபடியும் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் பிரிட்டனின் கவலை. நீரிணையின் வாயில் அட்மிரல் கார்டன் தலைமையில் ஒரு கப்பற்படைப் பிரிவு காவல் நின்றது. மால்டாவில் இருந்த பி-9, பி-10, பி-11 ஆகிய மூன்று பழைய நீர்மூழ்கிகளும் அங்கே வரவழைக்கப்பட்டன. பிரெஞ்சு நீர்மூழ்கிகளும் சேர்ந்துகொண்டன. நவம்பர் 3 அன்று கார்டனின் கப்பல்கள் வெளிக் கோட்டைகளின் மேல் குண்டு வீசின. செத்துல்பாஹிர் கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துச் சிதறியது. இரண்டு நாள் கழித்து பிரிட்டன் முறைப்படி போர் அறிவித்தது. அதற்குப் பிறகு நீர்மூழ்கிக்காரர்களுக்கு வாயிலில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதுதான் வேலை. உள்ளே இருப்பவன் வெளியே வருகிற மாதிரி தெரியவில்லை. சரி, நாம் உள்ளே போனால் என்ன என்ற யோசனை அங்கிருந்துதான் பிறந்தது.

நீர்மூழ்கிகளால் என்ன முடியும் என்பது அதற்குள் உலகத்துக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. செப்டம்பர் 22 அன்று வட கடலில் யூ-9 என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று பிரிட்டிஷ் குரூசர்களை மூழ்கடித்தது. (எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டதும் அதே நாள் இரவுதான். பிரிட்டிஷ் கடற்படைக்கு அப்படி ஒரு நாள்.) ஆனால் அது திறந்த கடல். அங்கே நீர்மூழ்கிக்கு எந்தத் திசையிலும் ஓட இடம் உண்டு. இரண்டு பக்கமும் பீரங்கி, நடுவில் கண்ணிவெடி, எதிரே ஓடி வரும் தண்ணீர் என்று இருக்கிற ஒரு குறுகிய வழிக்குள் போவது வேறு கணக்கு.

அந்தக் கணக்குக்கு பி-11 ஏற்ற கப்பலா என்றால், பார்த்தவுடன் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றும். பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி 1901இல்தான் தண்ணீரில் இறங்கியது. அதற்கு ஐந்தே ஆண்டு கழித்து, 1906 பிப்ரவரியில், பாரோ நகரில் விக்கர்ஸ் தளத்தில் மிதக்க விடப்பட்டது பி-11. பி வகையில் கட்டிய பதினொன்றில் கடைசி. நீளம் 43 மீட்டருக்குச் சற்று அதிகம். நம்மூர் ரயிலின் இரண்டு பெட்டிகளைச் சேர்த்து நிறுத்தினால் வருகிற நீளம்கூட இல்லை. மேலே மிதக்கும்போது எடை 287 டன், மூழ்கினால் 316 டன். இரண்டு அதிகாரிகள், பதின்மூன்று மாலுமிகள். முன்பக்கம் 18 அங்குல டார்பிடோக் குழாய் இரண்டு. கூடுதல் டார்பிடோ இரண்டு ஏற்றலாம், ஆனால் அந்த எடைக்கு ஈடாக எரிபொருளைக் குறைக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். ஆக, கையில் இருப்பது இரண்டே வாய்ப்பு.

மேலே மிதந்து ஓடும்போது இயக்குவது 600 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் எஞ்சின். டீசல் எஞ்சின் நம்பகமாகக் கைக்கு வராத காலம் அது. காற்று வெளியேறாத ஒரு இரும்புக் குழாய்க்குள் பெட்ரோலை வைத்துக்கொண்டு வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம். முந்தைய ஏ வகையில் ஏ-5 என்ற கப்பல் 1905இல் பெட்ரோல் ஆவி தீப்பற்றி உள்ளேயே வெடித்தது. பி-11 கட்டி எட்டு வருடத்துக்குள் டீசலில் ஓடும் இ வகை நீர்மூழ்கிகள் வந்துவிட்டன. அளவிலும் அவை இரண்டு மடங்குக்கு மேல். அவற்றை இங்கிலாந்தைச் சுற்றியுள்ள கடலுக்கு வைத்துக்கொண்டு, வயதானவற்றை மால்டாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் அனுப்பிவைத்தார்கள். டார்டனெல்ஸுக்கு வந்தது அப்படி ஒதுக்கிவைத்த கப்பல்களில் ஒன்று.

மூழ்கிய பிறகு எல்லாம் பாட்டரியும் மின் மோட்டாரும்தான். அதிகபட்ச வேகம் ஏறக்குறைய 6 நாட், அதாவது மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். அந்த வேகத்தில் தொடர்ந்து ஓடினால் சில மணி நேரத்தில் பாட்டரி காலி. அதனால் தண்ணீருக்கடியில் நீண்ட தூரம் போக வேண்டுமானால் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்துதான் போக வேண்டும். மூன்று கப்பல்களில் பி-11ஐத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதற்குச் சமீபத்தில் புதுப் பாட்டரி பொருத்தியிருந்ததுதான். வீரம், அதிர்ஷ்டம் எல்லாம் அப்புறம்; முதல் தகுதி பாட்டரி.

இப்போது நீரிணையைப் பார்க்கலாம். ஏஜியன் கடலையும் மர்மரா கடலையும் இணைக்கும் டார்டனெல்ஸ் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். சனக்கலே நகரத்துக்கு அருகே அகலம் ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் குறுகிவிடும். கருங்கடலில் பெரிய ஆறுகள் பல வந்து விழுவதால் அங்கே உப்பு குறைவு, நீர் மிகுதி. அந்த மிகுதி நீர் பாஸ்பரஸ், மர்மரா வழியாக டார்டனெல்ஸுக்கு வந்து ஏஜியன் கடலில் கொட்டுகிறது. மேல்மட்டத்தில் ஓட்டம் எப்போதும் வெளிநோக்கித்தான். குறுகலான இடங்களில் அது 4 நாட்வரைகூடப் போகும். அதற்கு அடியில், உப்பு அதிகமான, கனமான ஏஜியன் நீர் எதிர்த்திசையில் உள்நோக்கி ஓடுகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக, எதிரெதிராக ஓடும் இரண்டு நீரோட்டங்கள்.

இதில் நீர்மூழ்கிக்கு இரண்டு சிக்கல். மேல் ஓட்டத்தை எதிர்த்துப் போனால் பாட்டரியில் பாதி அதற்கே போய்விடும். இது எளிதாகப் புரிகிற சிக்கல். இரண்டாவதுதான் பொல்லாதது. நீர்மூழ்கி ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் நிற்பது அதன் எடையும் அது விலக்கும் தண்ணீரின் எடையும் சரிசமமாக இருப்பதால். கன நீரிலிருந்து இலேசான நீருக்குள் வந்தால் அந்தச் சமநிலை சட்டென்று குலையும், கப்பல் கீழே இறங்கும். திரும்பக் கன நீருக்குள் போனால் மேலே தள்ளப்படும். கண்ணிவெடிக்கு அடியில் போய்க்கொண்டிருக்கும்போது மேலே தள்ளப்பட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்துக் கண்ணிவெடி தண்ணீரில் தானாக மிதந்து திரிவதில்லை. கடல் தரையில் ஒரு கனமான எடை. அதிலிருந்து மேலே போகும் ஒரு கம்பிவடம். அதன் நுனியில், நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழே, வெடிகுண்டு. மேலே ஓடும் கப்பல்களின் அடிப்பாகம் அதில் இடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, நன்றாக ஆழமாகப் போனால் குண்டு தலைக்கு மேலே நின்றுவிடும், எதிர்ப்படுவது கம்பிவடம் மட்டும்தான். ஆனால் நீர்மூழ்கியின் பக்கவாட்டில் மீன் துடுப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஆழக் கட்டுப்பாட்டுத் தகடுகளில் அந்த வடம் மாட்டினால், கப்பல் போகிற போக்கில் வடத்தை இழுக்க, மேலே இருக்கிற குண்டு கீழே வரும். அதற்காக பி-11இன் தகடுகளைச் சுற்றிக் கம்பிகளால் ஒரு காப்பு அமைத்தார்கள். வடம் பட்டால் வழுக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது யோசனை.

கப்பலின் தலைவர் லெப்டினன்ட் நார்மன் ஹோல்புரூக். வயது 26. துணை அதிகாரி லெப்டினன்ட் சிட்னி வின். டெனெடோஸ் தீவிலிருந்து கிளம்பி, விடியலுக்கு முன்பே நீரிணையின் வாயை அடைந்து, இருட்டில் காத்திருந்தார்கள். உள்ளே துருக்கியரின் தேடுவிளக்குகள் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. அவை அணைந்த பிறகு ஹெல்லெஸ் முனைக்கு அருகே மூழ்கினார்கள்.

கொஞ்ச தூரம் போனதுமே கப்பல் அதிரத் தொடங்கியது. கண்ணிவெடி வடத்திலிருந்து காப்பாற்றுவதற்கென்று பொருத்திய அந்தக் காப்பே ஒரு பக்கம் கழன்று, முறுக்கிக்கொண்டு, கொக்கி மாதிரி நின்றது. அப்படியே விட்டால் எதிர்ப்படுகிற எல்லா வடத்தையும் அதுவே பிடித்து இழுக்கும். வேறு வழியில்லை. துருக்கிக் கரையின் கண்ணெதிரிலேயே மேலே வந்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி மூழ்கினார்கள். கரையில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. இந்தப் பயணத்தில் திட்டமிட்டுச் செய்த தற்காப்பு ஏற்பாடு ஒன்று உண்டென்றால் அது இந்தக் காப்புதான். அதில் பாதி முதல் சில மணி நேரத்திலேயே போய்விட்டது.

பிறகு 80 அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். அந்த ஆழத்தில், தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும் குழாயான பெரிஸ்கோப்புக்கு வேலை இல்லை; எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் தண்ணீர் என்று ஒன்றும் தெரியாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு, வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி, இந்நேரம் இங்கே இருப்போம் என்று ஊகித்துக்கொண்டே போக வேண்டும். எதிர் ஓட்டத்தின் வேகம் சரியாகத் தெரியாதபோது அந்த ஊகத்துக்கு என்ன மதிப்பு? வெகுநேரம் கழித்து, வரிசைகளைத் தாண்டியிருப்போம் என்ற கணக்கில் மேலே வந்து ஹோல்புரூக் பெரிஸ்கோப்பை உயர்த்தினார். வலப்புறம், ஆசியக் கரையோரம், சாரிசிக்லர் விரிகுடாவில், சாம்பல் நிறத்தில் இரண்டு புகைபோக்கியோடு ஒரு பெரிய கப்பல் நங்கூரமிட்டு நின்றது. துருக்கிக் கொடி தெரிந்தது.

அதுதான் மெசூதியே. 1874இல் லண்டனில், தேம்ஸ் நதிக் கரையில் மிதக்க விடப்பட்ட இரும்புக் கவசக் கப்பல். காலம் கடந்துபோய், 1900ஐ ஒட்டிய வருடங்களில் இத்தாலியின் ஜெனோவாவில் புதுப்பிக்கப்பட்டது. எடை ஏறத்தாழ 9,000 டன். ஓடிப் போரிட இனி உதவாது என்று, கண்ணிவெடி வரிசைகளுக்குக் காவலாக மிதக்கும் பீரங்கி மேடை போல ஓரிடத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். நகராத இலக்கு, பி-11க்கு வசதியாகப் போயிற்று.

ஹோல்புரூக் சுமார் 800 கெஜத் தூரத்துக்கு நெருங்கி ஒரு டார்பிடோவை விட்டார். வெடிச் சத்தம் கேட்டது. டார்பிடோ போனதும் நீரோட்டம் பிடித்து இழுத்தது. கப்பல் சமநிலை தவறிக் கீழே போய்விட்டது. மறுபடி பெரிஸ்கோப்பை உயர்த்திப் பார்த்தபோது மெசூதியேவின் பின்பக்கம் தாழ்ந்துகொண்டிருந்தது. அப்படித் தாழும்போதும் அதன் பீரங்கிகள் பெரிஸ்கோப் தெரிந்த இடத்தை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தன. அந்த மாலுமிகளை இதற்காகப் பாராட்டத்தான் வேண்டும். பத்து நிமிடத்தில் கப்பல் கவிழ்ந்தது.

இங்கே கதையை முடிப்பவர்கள்தான் அதிகம். உண்மையான கஷ்டம் இதற்குப் பிறகு தொடங்கியது.

பி வகையில் திசைகாட்டி கப்பலுக்குள் இருக்காது. உள்ளே எல்லாம் இரும்பும் மின்சாரமும். காந்த முள் குழம்பிவிடும். அதனால் அதை வெளியே, மேல்பக்கத்தில் வைத்து, கண்ணாடி வில்லைகள் பதித்த ஒரு குழாய் வழியாக உள்ளேயிருந்து பார்ப்பார்கள். அந்த வில்லைகளில் நீராவி படிந்து, முள் எங்கே காட்டுகிறது என்றே தெரியாமல் போனது. மூழ்கியிருக்கும் கப்பலுக்கு இதைவிட மோசமாக ஒன்று நடக்க முடியாது. வெளியே ஓடும் வழி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கரையிலிருந்து பீரங்கி, தேடி வருகிற டார்பிடோப் படகுகள். இருப்பதோ ஒரு ஆழமில்லாத விரிகுடாவின் வளைவுக்குள். 38 அடி ஆழத்திலேயே கப்பல் தரை தட்டியது. மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டி, தரையில் உரசி உரசி ஆழமான இடத்துக்கு வர வேண்டியிருந்தது. பாட்டரியை மிச்சப்படுத்த வேண்டிய நேரத்தில்தான் அது இப்படிச் செலவானது.

ஹோல்புரூக் இடையிடையே பெரிஸ்கோப்பை ஒரு கணம் உயர்த்திப் பார்த்தார். எல்லாப் பக்கமும் கரை. இடப்புறம் மட்டும் தூரத்தில் கடலும் வானமும் சேர்கிற கோடு தெரிந்தது. வெளியே போகும் வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். சுக்கானை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். பிறகு மீண்டும் ஆழத்துக்குப் போய், திசைகாட்டியின் உதவி இல்லாமலே, அதே ஐந்து வரிசைகளுக்கு அடியில் திரும்பினார்கள். இம்முறை மேல் ஓட்டம் அவர்கள் போகும் திசைக்குத்தான் தள்ளும் என்பது ஒன்றே ஆறுதல். தண்ணீருக்கடியில் மொத்தம் ஒன்பது மணி நேரம் இருந்தார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி எதுவும் இல்லாத அந்தச் சின்னக் குழாய்க்குள், பெட்ரோல் நாற்றத்தோடு, ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசித்துக்கொண்டு.

செய்தி லண்டனை எட்டியதும் பரிசுகளில் தாராளம் காட்டினார்கள். ஹோல்புரூக்குக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ். நீர்மூழ்கிக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. டிசம்பர் 22 அன்றே அரசிதழில் வந்துவிட்டது. அந்தப் போரில் கடற்படைக்கு அறிவிக்கப்பட்ட முதல் விக்டோரியா கிராஸும் அதுதான். நவம்பர் இறுதியில் தாரெஸ்ஸலாமில் நடந்த சண்டைக்காக இன்னொரு அதிகாரிக்கும் பிறகு கிடைத்தது. சண்டை முந்தியது என்றாலும் அறிவிப்பு 1915 ஏப்ரலில்தான் வந்தது. வின்னுக்கு டி.எஸ்.ஓ. என்ற வீர விருது, மாலுமிகள் எல்லாருக்கும் பதக்கம். ஒருவர் விடாமல் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் பதக்கம் என்பது அந்தப் படிநிலைகள் நிறைந்த கடற்படையில் சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை.

பணமும் வந்தது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சட்டப்படி எதிரியின் போர்க்கப்பலை மூழ்கடித்தால் அதில் இருந்த ஆள் ஒன்றுக்கு 5 பவுண்ட் வீதம் வெகுமதி. மெசூதியேவுக்கு 700 பேர் என்று கணக்குப் பண்ணி, 1916இல் நீதிமன்றம் 3,500 பவுண்ட் வழங்கியது. அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பங்கு: ஹோல்புரூக்குக்கு 601 பவுண்ட், 10 ஷில்லிங், 2 பென்னி. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் இன்று படிக்கும்போது உறுத்துகிறது. அன்று அது கடற்படையில் எல்லாருக்கும் தெரிந்த, எதிர்பார்த்த வருமானம்.

துருக்கித் தரப்பின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. இறந்தவர்கள் 37 பேர். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த கப்பல் பத்தே நிமிடத்தில் கவிழ்ந்தும் சாவு இந்த அளவில் நின்றதற்குக் காரணம், அது ஆழமில்லாத இடத்தில் நின்றது. கவிழ்ந்த பிறகும் அடிப்பாகம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மீட்பவர்கள் அதன் மேல் ஏறி, இரும்பைத் துளைத்து, உள்ளே சிக்கியவர்களை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார்கள்.

அதே ஆழக் குறைவால் பீரங்கிகளும் தப்பின. மெசூதியேவின் 150 மில்லிமீட்டர் பீரங்கிகளைத் துருக்கியர் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே எடுத்து, கரையில் புதிய பீரங்கி மேடை கட்டி நிறுத்தினார்கள். அந்த மேடைக்கு மெசூதியே என்றே பெயர். 1915 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் நீரிணையைப் பலவந்தமாகத் திறக்க வந்தபோது மெசூதியே மேடை தயாராக இருந்தது. அன்று பூவே, இர்ரெசிஸ்டிபிள், ஓஷன் என்று மூன்று பெரிய கப்பல்கள் போயின. கண்ணிவெடிகள்தான் அதற்கு முக்கியக் காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கண்ணிகளை அகற்ற வந்த படகுகளை நெருங்க விடாமல் செய்தவை கரையோரப் பீரங்கிகள். ஆடாமல் அசையாமல் கரையில் நிற்கும் பீரங்கி, ஒரே இடத்தில் கட்டிப்போட்ட கப்பலில் இருக்கும் பீரங்கியைவிட எந்த விதத்திலும் மோசமில்லை; அதை டார்பிடோவால் அடிக்கவும் முடியாது. இந்த வரவுசெலவை வைத்துப் பார்த்தால், மெசூதியே மூழ்கியதால் துருக்கிக்கு உண்மையில் என்ன நட்டம் என்று கேட்கத் தோன்றுகிறது.

நட்டம் வேறு இடத்தில் விழுந்தது. எட்டு வயதான ஒரு பெட்ரோல் கப்பலே போய் வர முடிந்தது என்றால், டீசலில் ஓடும் பெரிய இ வகைக் கப்பல் குறுகலையும் தாண்டி மர்மரா கடலுக்கே போகலாமே? அந்தக் கடல்தான் துருக்கிப் படைக்கு உணவும் குண்டும் ஆளும் போகிற பாதை. 1915 ஏப்ரலில் நீரிணையை ஒட்டிய கலிபொலி தீபகற்பத்தில் நேச நாடுகளின் தரைப்படை இறங்கியபோது இ வகை நீர்மூழ்கிகள் வந்து சேர்ந்திருந்தன. ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலியக் கடற்படையின் ஏஇ-2 முதலில் உள்ளே போனது. இரண்டு நாள் கழித்து இ-14, மே மாதம் இ-11. இ-11 தலைநகர் கான்ஸ்டான்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) துறைமுகத்திலேயே புகுந்து டார்பிடோ விட்டது. ஆகஸ்ட் 8 அன்று பார்பரோஸ் ஹைரெதின் என்ற போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. இ-14இன் தலைவர் பாயிலும் இ-11இன் தலைவர் நாஸ்மித்தும் ஹோல்புரூக் போலவே விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். துருக்கிப் படைகள் சௌகரியமான கடல் வழியை விட்டுவிட்டு, உசுன்கோப்ரு வரை ரயிலில் போய், அங்கிருந்து பல நாள் நடந்து போர்முனைக்குப் போக வேண்டிய நிலை வந்தது.

துருக்கியரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நீர்மூழ்கி உள்ளே வரும் என்று டிசம்பரிலேயே தெரிந்துவிட்டதே. கண்ணிவரிசைகள் கூடின, ரோந்து கூடியது, பிறகு நாரா முனைக்கு அருகே நீரிணையின் குறுக்கே எஃகு வலையே போட்டார்கள். 1915 செப்டம்பரில் இ-7 அந்த வலையில் மாட்டியது. ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவரான ஹைனோ ஃபொன் ஹைம்பர்க் ஒரு துடுப்புப் படகில் போய், வலை அசைகிற இடத்தில் வெடியைக் கயிற்றில் கட்டி இறக்கி, இ-7ஐ மேலே வரவைத்தார். 1915 முடிவதற்குள் அந்த நீரிணையிலும் மர்மராவிலும் நேச நாடுகள் இழந்த நீர்மூழ்கிகள் எட்டு. அவற்றில் நான்கு பிரெஞ்சுக் கப்பல்கள். பி-11 திரும்பி வந்ததைப் பார்த்து, இது முடிகிற காரியம் என்று நம்பிப் போனவர்கள் இவர்கள். அதே சம்பவத்திலிருந்து எதிர்த் தரப்பும் பாடம் படித்திருக்கும் என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

பி-11 அதற்குப் பிறகு அந்தப் புகழுக்கு ஏற்ற மாதிரி ஒன்றும் செய்யவில்லை. செய்கிற வசதியும் அதற்கு இல்லை. 1915 ஏப்ரல் 17 அன்று இ-15 கெபெஸ் முனையில் தரை தட்டி, அதன் தலைவர் கொல்லப்பட்டு, கப்பல் கிட்டத்தட்ட முழுசாகத் துருக்கியர் கையில் சிக்கும் நிலை வந்தது. அதை எப்படியாவது அழித்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷார் அனுப்பியவற்றில் பி-11உம் ஒன்று. போனது; பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் திரும்பியது. கடைசியில் போர்க்கப்பல்களின் இரண்டு சின்னப் படகுகள் இருட்டோடு இருட்டாகப் போய் டார்பிடோவால் அந்த வேலையை முடித்தன.

இதற்கிடையில் உலகத்தின் இன்னொரு கோடியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே, கடலிலிருந்து வெகு தொலைவில் ஜெர்மன்டன் என்று ஒரு ஊர். ஜெர்மனியோடு போர் நடக்கும்போது இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எப்படிக் குப்பை கொட்டுவது? 1915இல் ஊரின் பெயரை ஹோல்புரூக் என்று மாற்றிவிட்டார்கள். ஹோல்புரூக் பின்னாளில் மூன்று முறை அங்கே போனார். 1976இல் அவர் காலமான பிறகு, மனைவி குண்டுலா அவருடைய விக்டோரியா கிராஸை ஊருக்கே கொடுத்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் ஓட்வே என்ற நீர்மூழ்கி ஓய்வு பெற்றபோது, அதன் மேல்பகுதியை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கும் குண்டுலா பெரும் தொகை கொடுத்தார். ஆடு மேயும் நாட்டில், சாலையில் வருகிறவர் சட்டென்று பிரேக் போடும்படி 90 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கி.

உண்மையான பி-11க்கு அப்படிப்பட்ட மரியாதை எதுவும் வாய்க்கவில்லை. இத்தாலி நேச நாடுகள் பக்கம் சேர்ந்ததும் பி வகைக் கப்பல்கள் ஆத்திரிய-ஹங்கேரியக் கடற்படைக்கு எதிராக வெனிஸுக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவற்றில் ஒன்றான பி-10, 1916 ஆகஸ்ட் 9 அன்று துறைமுகத்தில் நின்றிருக்கும்போதே ஆத்திரிய விமானங்களின் குண்டுக்கு இரையானது. வானிலிருந்து தாக்கி மூழ்கடிக்கப்பட்ட உலகின் முதல் நீர்மூழ்கி அதுதான். 1917இல் மிஞ்சியவற்றை மால்டாவுக்குக் கொண்டுபோய், மின் மோட்டாரைக் கழற்றிவிட்டு, மேல்தளத்தை உயர்த்தி, ஒரு பீரங்கியைப் பொருத்தி, மேலேயே ஓடும் ரோந்துப் படகுகளாக மாற்றினார்கள். பி-11 என்ற பெயர் எஸ்-11 ஆனது. அதற்குப் பிறகு அது மூழ்கவே இல்லை. 1919இல் இத்தாலியில் பழைய இரும்புக்கு விற்கப்பட்டது.